மெய்ப்பாடும் மின்கருவியும்

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தே அமைந்தது பல்லேகம. களு கங்கையை மறித்துக் கட்டிய அணையில் 2018ஆம் ஆண்டு நீர் தேங்கத் தொடங்கிற்று. லக்கலையின் பழைய நகரம் நீருள் அமிழ்ந்தது. குடிகள் புது மனைகளுக்குப் பெயர்ந்தனர். அம்மனையொன்றில், பள்ளிப் பருவத்து மாணவன் ஒருவன் உண்ணாமல், உரையாடாமல் வாடியிருக்கிறான் என வைத்துக்கொள்க. இன்று அவன் மணிக்கட்டில் ஒரு சிறு கருவியைப் பூட்டினால், நாடித்துடிப்பையும் தோலின் வியர்வையையும் அது நொடிதோறும் குறித்துவிடும். அவன் துயரத்தை அது அறியுமா?

இவ்வினா புதியதன்று. 1888ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் தேசத்து வைத்தியர் ஃபெரே, உடலில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உணர்ச்சி எழும்போது தோலின் மின்தடை மாறுவதைக் கண்டார். பின்னர் சூரிச் நகரில் யுங் என்னும் உளநூலறிஞர், சொற்களை ஒவ்வொன்றாகக் கூறி, எச்சொல்லுக்கு மின்மானியின் முள் அசைகிறதென நோக்கினார். முள் அசைந்த காரணத்தையோ அவரும் கேட்டே அறிய வேண்டியிருந்தது!

தொல்காப்பியர் இதனை நன்குணர்ந்தவர். மெய்ப்பாடு எட்டு எனக் கூறியதோடு அவர் நின்றாரல்லர். ஒவ்வொன்றும் பிறக்கும் களன் நான்கு என வகுத்தார். அழுகை இகழப்பட்டதாலும் வரும், இழந்ததாலும் வரும், வறுமையாலும் வரும். ‘அசைவு’ என்பது நான்காவது. முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல் என அதற்கு உரை கண்டனர். ஊர் பெயர்ந்த இளைஞனுக்கு இதனினும் பொருந்திய சொல் கிடைப்பது அரிது. கருவிக்கோ நான்கும் ஒன்றே.

1997இல் அமெரிக்கப் பேராசிரியை ரொசலிண்ட் பிக்கார்ட் எழுதிய நூலுக்குப் பின் இத்துறை விரைந்து வளர்ந்தது. பயனும் இல்லாமலில்லை. பேச்சு வாராத ஆட்டிசக் குழந்தை, புறத்தே அமைதியாகத் தோன்றினும் அகத்தே கொந்தளிப்பதை மணிக்கட்டுக் கருவி காட்டக்கூடும். முகத்தைப் படமெடுத்து மனத்தைக் கூறுவதாகச் சொன்ன பொறிகளே தடுமாறின. சினந்தோர் எல்லோரும் புருவம் நெரிப்பதில்லை. புருவம் நெரிப்போர் எல்லோரும் சினந்தோருமல்லர். 2019இல் அறிஞர் ஐவர் பல ஆய்வுகளைத் தொகுத்து இதனை நிறுவினர். 2022இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அத்தகைய சேவையைக் கைவிடுவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் விலக்களித்து, பள்ளிகளிலும் பணியிடங்களிலும் அதனை 2025 பெப்ரவரியில் தடை செய்தது. ஆசிரியர் கையில் அத்தகைய கணக்கு சேர்ந்தால், மாணவன் முகத்தை மறைக்கவே பழகுவான் அன்றோ?

இலங்கையிலே வேறொரு மரபும் உண்டு. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள், மனமுடைந்தோர் கூறுவதைத் தீர்ப்புரையாது செவிமடுத்து வருகின்றனர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைப்பவருக்கு மறுமுனையில் மறுமொழி கூறுவது ஒரு மனிதக் குரல்; அது முதலில் கேட்பது, என்ன நேர்ந்தது என்பதையே.