விருப்பமும் முன்கணிப்பும்: 1925 முதல் ஒரு விவாதத்தின் வரலாறு

1932ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் யார் வெல்வார் என்று வாக்காளர்களிடம் கேட்டபோது, ரூஸ்வெல்ட்டின் ஆதரவாளர்களில் 93 விழுக்காட்டினர் அவர் பெயரைச் சொன்னார்கள். ஹூவரின் ஆதரவாளர்களில் 73 விழுக்காட்டினர் ஹூவரே வெல்வார் என்றார்கள். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த வேளையிலும் அந்த நம்பிக்கை தளரவில்லை. விருப்பமும் நம்பிக்கையும் எவ்வளவு நெருங்கியவை என்பதை உளவியலாளர் ஃபிரெடரிக் லுண்ட் 1925இலேயே அளந்திருந்தார். அவர் கண்ட ஒட்டுறவுக் கெழு 0.88.

இதிலிருந்து மனிதன் விரும்புவதையே நம்புகிறான் என்று முடிவுகட்டிவிடலாம். 1938இல் டக்ளஸ் மெக்ரிகர் அப்படிச் செய்யவில்லை. பின்னாளில் மேலாண்மைக் கோட்பாட்டால் புகழ்பெற்ற அவருடைய இந்த ஆய்வு இன்று அதிகம் பேசப்படாதது வருந்தத்தக்கது. சான்றுகள் தெளிவாக இருக்கும் நிகழ்வில் விருப்பத்துக்கு இடமில்லை. நிலைமை மங்கலாகவும் விளைவு தனக்கு முக்கியமானதாகவும் இருக்கும்போதுதான் விருப்பம் உள்ளே நுழைகிறது என்று அவர் வாதிட்டார். அதே ஆண்டில் ஹேட்லி கான்ட்ரிலும் சமூக நிகழ்வுகளின் முன்கணிப்பைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வை வெளியிட்டார்.

1970களில் கவனம் விருப்பத்தை விட்டுச் சிந்தனையின் குறுக்குவழிகளுக்குத் திரும்பியது. 1982இல் இஸ்தான்புல்லில் கூடிய முன்கணிப்பு வல்லுநர்களிடமே உளவியலாளர்களான டிவெர்ஸ்கியும் கானமனும் ஒரு சோதனை நடத்தினார்கள். அமெரிக்க–சோவியத் தூதரக உறவு அடுத்த ஆண்டில் முறியுமா என்று ஒரு குழுவிடம் கேட்டார்கள். சோவியத் ஒன்றியம் போலந்தின் மீது படையெடுத்து, அத்துடன் உறவும் முறியுமா என்று இன்னொரு குழுவிடம் கேட்டார்கள். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து நடப்பதற்கு வாய்ப்பு குறைவுதான். ஆனால் இரண்டாம் குழுவே கூடுதல் வாய்ப்பைக் கொடுத்தது. காரணத்தோடு கோவையாகச் சொல்லப்பட்ட கதை, வெறும் நிகழ்வைவிட நம்பத்தக்கதாகத் தோன்றியிருக்கிறது.

இதற்கு முன்பே வந்த ஓர் ஆய்வை இதைவிட முக்கியமானதாகக் கருதுகிறேன். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் 1972இல் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் செல்லுமுன், பயணத்தில் என்னென்ன நடக்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று இஸ்ரேலிய மாணவர்களிடம் பாருக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பைத்தும் எழுதி வாங்கினார்கள். மாவோ நிக்சனைச் சந்திப்பாரா என்பது அவற்றில் ஒன்று. பயணங்கள் முடிந்த பிறகு, முன்பு கொடுத்த எண்களை நினைவுகூரச் சொன்னார்கள். நடந்துவிட்டவற்றுக்குத் தாங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலான எண்களையே பெரும்பாலோர் நினைவில் வைத்திருந்தார்கள். இது 1975இல் வெளியானது. தன் கணிப்பு தவறியதே நினைவிலிருந்து நழுவிவிட்டால், அதிலிருந்து கற்றுக்கொள்ள என்ன வழி? விருப்பம் ஒருமுறை ஏமாற்றினால், நினைவு அதன் தடயத்தையும் அழித்துவிடுகிறது. 1980 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் கார்ட்டரின் ஆதரவாளர்களில் 87 விழுக்காட்டினரும் ரீகனின் ஆதரவாளர்களில் 80 விழுக்காட்டினரும் தத்தம் தலைவரே வெல்வார் என்று எதிர்பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஃபிலிப் டெட்லாக் 1980களில் தொடங்கி 284 வல்லுநர்களின் அரசியல் கணிப்புகளைத் திரட்டியது, நினைவை நம்பாமல் எழுத்துப் பதிவை வைத்தே தீர்ப்புச் சொல்வதற்காகத்தான். ஒரே பெருங்கோட்பாட்டைப் பற்றிக்கொண்டவர்களைவிட, பல கோணங்களில் பார்த்து ஐயத்தோடு பேசியவர்களே ஓரளவு நன்றாகக் கணித்தார்கள் என்று 2005இல் அவர் எழுதினார்.

தனிமனிதர் இப்படித் தடுமாறினாலும் கூட்டத்தின் நிலை வேறு. அமெரிக்க மாநிலங்களில் நடந்த தேர்தல் போட்டிகளை டேவிட் ராத்ஸ்சைல்டும் ஜஸ்டின் வோல்ஃபர்ஸும் ஆராய்ந்தார்கள். யாருக்கு வாக்களிப்பீர்கள் என்ற கேள்வியும் யார் வெல்வார் என்ற கேள்வியும் வெவ்வேறு வேட்பாளரைக் காட்டிய போட்டிகள் 77. அவற்றில் 60இல் இரண்டாம் கேள்வியே சரியாகச் சொன்னது. எதிரெதிர் விருப்பங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ள, ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் பணியிடத்திலும் கேட்டறிந்த செய்தி மிஞ்சுகிறது என்று இதற்கு விளக்கம் தரலாம். அப்படியானால், கருத்தொத்தவர்களோடு மட்டுமே பழகும் சமூகத்தில் அந்தக் கேள்வியின் வலிமை குறைய வேண்டும். பதில் சொல்பவர் அன்றாடம் யாரோடு பேசுகிறார் என்பதையும் கருத்துக்கணிப்புகள் கேட்டுப் பதிவுசெய்தால் இதைச் சோதித்துப் பார்க்க முடியும்.