ஆன்ம மீட்பும் உடல் விடுதலையும்

உடலின் பசியினும் ஆன்மாவின் பசியே பெரிதென்பது கிறித்துவப் போதனை. ஒருவர் தமக்கென வகுத்துக்கொள்ளுங்கால் அஃது உயர்ந்த நெறியே. ஆனால் அடிமையை நோக்கி ஆண்டான் அதனைக் கூறுங்கால் நேர்வது யாது? வரலாறு நமக்கு விடை தருகிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆங்கிலேயக் குடியேறிகளின் சட்டமன்றம், ஞானஸ்நானம் பெறுவதால் அடிமையின் நிலை மாறாதென 1667இல் சட்டம் இயற்றியது. ஆன்மாவுக்கு மீட்புண்டு, உடலுக்கு இல்லை என்பதே அதன் பொருள். 1807இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கெனச் சுருக்கிய விவிலியம் ஒன்று இலண்டனில் அச்சாயிற்று. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் இருந்தது. மோசே தம் மக்களை எகிப்தின் அடிமைத்தளையினின்று மீட்ட வரலாறு நீக்கப்பட்டிருந்தது. எசமானருக்குக் கீழ்ப்படியுமாறு கூறும் பகுதியோ நீக்கப்படவில்லை.

எனினும் விவிலியத்தைத் தாமே பயின்றோர் அடிமைகளுள்ளும் தோன்றினர். ஜமைக்காத் தீவின் சாம் சார்ப் அத்தகையவர். பாப்டிஸ்டு சபையில் டீக்கனாகப் பணியாற்றிய அவர், மனிதன் மனிதனை உடைமையாகக் கொள்ளலாகாது எனத் தெளிந்தார். 1831ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், கூலியின்றி உழைப்பதில்லை என்னும் வேலைநிறுத்தத்திற்கு வழிவகுத்தார். அது பெருங்கிளர்ச்சியாக மூண்டது. 1832 மே 23ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1838இல் அம்மக்கள் முழு விடுதலை எய்தினர்.

இளைஞர்களே! ஆன்மாவைப் போற்றுவோம். ஆனால் உடலைத் தளையிட்டு ஆன்மாவுக்கு ஆறுதல் கூறுவோரை இனங்காண்போம். பிறர் தெரிந்து தரும் பக்கங்களோடு நின்றுவிடாது, எந்நூலையும் முழுமையாக நாமே கற்போம். கல்வியின் முதற்பயன் அதுவே.