பேக்கப் இல்லாமல் கருகிய 858 டெராபைட்! டேட்டாபேஸ் கிளஸ்டரை எப்படித் தேர்வு செய்வது?

தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசு தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26-ம் தேதி இரவு தீப்பிடித்தது. லித்தியம் அயன் பேட்டரிகளில் பற்றிய தீயால், 600-க்கும் மேற்பட்ட அரசு கணினி சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 'ஜி-டிரைவ்' மொத்தமாக எரிந்துபோனது. அதன் அளவு 858 டெராபைட். வேறு எங்கும் பேக்கப் இல்லை.

'ஒரு சர்வர் போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்னு சொல்வாங்களே, அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?' என்ற கேள்வி எழலாம். பலரும் ஒன்று என நினைக்கும் இரண்டு ஏற்பாடுகள், உண்மையில் வேறு வேறு.

ஸ்டெப்னி மட்டும் போதுமா?

ஒரு சர்வர் பழுதானால், அடுத்தது உடனே பொறுப்பேற்பது 'ஹை அவைலபிலிட்டி'. கட்டிடமே போனாலும், டேட்டாவே அழிந்தாலும் மீட்டெடுப்பது 'டிசாஸ்டர் ரெக்கவரி'.

முதலாவது, காரில் இருக்கும் ஸ்டெப்னி மாதிரி. டயர் பஞ்சரானால் கைகொடுக்கும். காரே வெள்ளத்தில் போனால், ஸ்டெப்னியும் சேர்ந்துதான் போகும்.

எத்தனை சர்வர் வேண்டும்?

ஒரே டேட்டாவைப் பல சர்வர்களில் வைத்திருப்பதுதான் டேட்டாபேஸ் கிளஸ்டர். பொதுவாக ஒன்று 'பிரைமரி'. புதிய பதிவுகள் அதில்தான் ஏறும். மற்றவை அதன் நகலான 'ரெப்ளிகா'க்கள்.

இரண்டு சர்வர் போதாதா? இரண்டுக்கும் இடையே நெட்வொர்க் அறுந்தால், 'எதிரில் இருப்பது செத்துப்போச்சு, இனி நான்தான் பிரைமரி' என இரண்டுமே முடிவு செய்துவிடலாம். இதற்குப் பெயர் 'ஸ்பிளிட் பிரெய்ன்'.

அதனால்தான் பெரும்பான்மை வாக்கு முறை. 3 சர்வர் இருந்தால் ஒன்றை இழக்கலாம். 5 இருந்தால் இரண்டை இழக்கலாம். 4 வைத்தாலும் ஒன்றைத்தான் இழக்க முடியும். எனவே ஒற்றைப்படை எண்ணே லாபம்.

43 விநாடி துண்டிப்பு... 24 மணி நேர பாதிப்பு

2018 அக்டோபர் 21-ல், 'கிட்ஹப்' நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை தரவு மையத்துக்கான இணைப்பு வெறும் 43 விநாடிகள் துண்டானது. தானியங்கி மென்பொருள் உடனே பிரைமரி பொறுப்பை மேற்குக் கடற்கரைக்கு மாற்றியது. ஆனால் கிழக்கில் கடைசியாக ஏறிய சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் ஏறிய புதிய பதிவுகள் கிழக்கில் இல்லை. எந்தப் பதிவும் தொலையக் கூடாது என்று நிதானமாகச் சரிசெய்ததில், சேவை இயல்புக்குத் திரும்ப 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது.

இங்கேதான் முக்கியமான தேர்வு வருகிறது. ரெப்ளிகாவிலும் பதிவானதை உறுதி செய்த பிறகே 'ஓகே' சொல்வது 'சிங்க்ரனஸ்' முறை. டேட்டா இழப்பு இருக்காது. ஆனால் தூரம் கூடக் கூட வேகம் குறையும். முதலில் 'ஓகே' சொல்லிவிட்டுப் பிறகு நகலெடுப்பது 'அசிங்க்ரனஸ்'. வேகம் கிடைக்கும், ஆனால் கடைசி சில விநாடிப் பதிவுகள் போகலாம்.

ரெப்ளிகா இருந்தால் பேக்கப் தேவையில்லையா?

கண்டிப்பாகத் தேவை. தவறான 'டெலீட்' கட்டளை ஒன்று போனால், அது ரெப்ளிகாவிலும் அப்படியே நடந்துவிடும்.

2017 ஜனவரி 31-ல் 'கிட்லேப்' நிறுவனத்தில், ஊழியர் ஒருவர் சர்வர் மாறி, பிரைமரியில் இருந்த டேட்டாவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது பதிவாகவே இல்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த நகல்தான் காப்பாற்றியது.

எதைத் தேர்வு செய்யலாம்?

முதலில் இரண்டு கேள்விகள்: எவ்வளவு நேர டேட்டா போனால் தாங்க முடியும்? எவ்வளவு நேரத்தில் சேவை திரும்ப வேண்டும்?

* சில மணி நேரம் நின்றாலும் பரவாயில்லை என்றால்: ஒரு சர்வர், வேறு இடத்தில் தினசரி பேக்கப்.
* சேவை நிற்கவே கூடாது என்றால்: ஒரே நகரத்தில், தனித்தனிக் கட்டிடங்களில் 3 சர்வர், சிங்க்ரனஸ் முறை. பேக்கப் தனியாக.
* பணப் பரிவர்த்தனை போன்றவற்றுக்கு: மேலே சொன்னதோடு, வேறு நகரத்தில் ஓர் அசிங்க்ரனஸ் ரெப்ளிகா.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பேக்கப்பிலிருந்து டேட்டாவை அவ்வப்போது மீட்டுப் பார்க்க வேண்டும். அது வேலை செய்யவில்லை என்பது விபத்து நடந்த பிறகு தெரிந்து பயனில்லை.