கடல் கடந்த கடை

பினாங்குத் தீவின் வடமேற்கில் தெலுக் பஹாங், தென்கிழக்கில் பத்து மாவுங் என்று மீனவக் கம்பங்கள் இன்னும் இருக்கின்றன. ('கம்பம்' என்பதே மலாயின் 'கம்போங்'கிலிருந்து மலேசியத் தமிழர் எடுத்துக்கொண்ட சொல், கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் நடந்திருக்கிறது.) அங்கே மீன் குவித்து விற்கும் இடம் 'பாசார்'. அதையடுத்து வலை, கயிறு, கருவாடு, காப்பி விற்கும் இடமெல்லாம் 'கெடாய்'. சீனர் தங்களுக்குள் 'தியாம்' என்று சொன்னாலும் பெயர்ப்பலகையில் இருப்பது கெடாய்தான். அது நம் 'கடை'. சந்தைக்கு மலாய் பாரசீகச் சொல்லை ஏற்றது; கடைக்குத் தமிழ்ச் சொல்லை ஏற்றது. இந்தப் பிரிவினை தற்செயலானதல்ல என்பதே என் வாதம்.

முதலில் இது தமிழ்தானா என்பது. ஒலி ஒத்திருந்தால் போதாது, மாற்றத்தில் ஒழுங்கு வேண்டும். கட்டில் 'காத்தில்' ஆனது, பெட்டி 'பெத்தி' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது: இரட்டித்த வல்லினம் மலாயில் வன்மை குன்றாமல் நிற்கிறது. வணிகருக்கு உயிரான முதல் 'மோடால்' ஆனபோதோ, தனித்த தகரம் நம் பேச்சில் நெகிழ்வதுபோலவே அங்கும் நெகிழ்ந்தது. கடையின் ஒற்றை டகரமும் அந்த வழியில்தான் போயிருக்கிறது. முதல் எழுத்தின் அகரம் மங்கி எகரம்போல் ஒலிப்பதற்குக் கேடயத்தைக் குறிக்கும் பரிசை 'பெரிசாய்' ஆனது சான்று. மலபார் வணிகரும் அங்கே போனார்களே, மலையாளத்திலிருந்து வந்திருக்கக்கூடாதா என்று கேட்கலாம். மலையாளத்தில் அது 'கட'. ஈற்றில் ஐகாரம் இல்லை. கெடாயின் வால் அதன் ஊரைச் சொல்லிவிடுகிறது.

இன்னொரு தடை: சந்தைக்கு நம்மிடம் 'அங்காடி' இருந்ததே, மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் சங்க நூல் அறியுமே, அது ஏன் கடல் தாண்டவில்லை? சந்தை என்பது பலர் கூடிக் கலையும் இடம். அது எல்லா ஊரிலும் உண்டு, யார் வைத்த பெயரும் அதற்கு ஒட்டும். கடை அப்படியல்ல. ஒருவர் ஓரிடத்தில் நிலையாக அமர்ந்து, சரக்கை இருப்பு வைத்து, கடனுக்கும் கொடுத்து நடத்துவது. கடை என்ற சொல்லுக்கே வாயில், முகப்பு என்ற பழம்பொருள் உண்டு. வீட்டு முகப்பில் சரக்கைப் பரப்பியதிலிருந்துதான் விற்பனைப் பொருள் பிறந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அந்த நிலைத்த வணிகத்தைத் தமிழர் கையில் கண்ட மலாய்க்காரர்கள், அவர்கள் வாயில் வழங்கிய சொல்லையே எடுத்தார்கள். அங்காடி என்ற ஏட்டுச் சொல் மலாய்க்காரர் காதில் விழவில்லை.

பினாங்கிலிருந்து தொடங்கினேன் என்பதற்காக அதை இச்சொல்லின் பிறப்பிடமாக்கிவிடக் கூடாது. சுமத்திராவின் பாருஸில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088இல் தமிழ்க் கல்வெட்டு வெட்டியது. ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்குத் தீவில் இறங்குவதற்கு முன்பே மலாக்கா தமிழ் வணிகர் புழங்கிய துறைமுகம். பினாங்கு செய்தது வேறு, சொல்லுக்குக் கட்டடம் கொடுத்தது. லைட் வகுத்த ஜார்ஜ் டவுன் நகரத்தின் மார்க்கெட் தெருவைத் தமிழர் கடைத்தெரு என்றே வழங்கினர். கீழே வணிகம், மேலே குடியிருப்பு என்ற கடைவீடுகள் ஜார்ஜ் டவுன் முழுவதும் எழுந்தன. வெல்ட் கீ என்ற கடலோரச் சாலையை ஒட்டித் தண்ணீரில் கால்நாட்டி நிற்கும் சீனக் குலத் துறைகளில், நுழைவாயிலில் கோயிலும் உள்ளே வீட்டு முன்புறத்தில் விற்பனையுமாக, கடையின் அந்தப் பழைய வாயிற்பொருள் தமிழறியாதவர் கையில் இன்றும் நடக்கிறது. இந்தோனேசியாவில் 'தோக்கோ' என்ற சீனச் சொல் பெரிய வணிகத்தைப் பிடித்துக்கொள்ள, கெடாய் பெரும்பாலும் சிற்றுண்டி விற்கும் இடத்துக்கு ஒடுங்கிவிட்டது. பினாங்கில் நகை விற்றாலும் நங்கூரம் விற்றாலும் அது கெடாய்தான்.