ஏழையின் கையிலே காசு

"ஏழைக்குச் சோறு போடு, காசு கொடுக்காதே! காசு கொடுத்தால் குடிப்பான், சூதாடுவான், உழைக்க மறுப்பான்" - இந்த உபதேசத்தைக் கேளாத செவி உண்டா? மாளிகையிலே கூறுவர், மன்றத்திலே கூறுவர், சாவடித் திண்ணையிலும் கூறுவர். தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்டதாலேயே உண்மை எனும் தகுதியைப் பெற்றுவிட்ட பேச்சு இது. ஆனால் தோழர்களே, சோதித்துப் பார்த்தவர் யார்? சான்று எங்கே? இதைக் கேட்பதல்லவா பகுத்தறிவாளர் கடன்! வரலாற்றிலே இரு ஏடுகளைப் புரட்டிக் காட்டுகிறேன். ஒன்று, சோதிக்காமலே ஏழைக்குத் தண்டனை விதித்த கதை. மற்றொன்று, சோதித்துப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்திய கதை.

முதல் ஏடு இங்கிலாந்தைப் பற்றியது. 1795. பிரான்சுடன் போர், விளைச்சலோ பொய்த்தது, ரொட்டி விலை ஏறிற்று. உழவுத் தொழிலாளியின் கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அவ்வாண்டு மே திங்கள் 6ஆம் நாள், பெர்க்‌ஷயர் மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீன் எனும் ஊரிலுள்ள பெலிக்கன் விடுதியிலே கூடினர். ரொட்டியின் விலையை அளவுகோலாக்கினர். பெரிய ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால் உழைப்பவனுக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒன்றரை ஷில்லிங் வருமானம் வேண்டும். கூலி அந்த அளவை எட்டாவிட்டால், குறைகிற தொகையை ஏழையர் வரியிலிருந்து காசாகக் கொடுப்பது. விலை ஏறினால் உதவியும் ஏறும். 'ஸ்பீனம்லாந்து முறை' என்று இதற்குப் பெயர். வேறு பல மாவட்டங்களும் இதையொத்த முறைகளைக் கையாண்டன.

வரி கட்டிய சீமான்கள் சீறினர். மக்கள் தொகை பற்றி 1798இல் நூல் எழுதிய மால்தஸ், உதவி பெருகினால் ஏழைகளும் பெருகுவர் என்று வாதாடினார். 1832இல் ஆணைக்குழு அமைந்தது. 1834இல் அறிக்கை வந்தது. நாசாவ் சீனியர், எட்வின் சாட்விக் எனும் இருவர் தீட்டிய அந்த அறிக்கை கூறியது என்ன? உதவிக் காசுதான் உழைப்பாளியைக் கெடுத்தது, கூலியைக் குறைத்தது, சோம்பலை வளர்த்தது! தீர்ப்பை முதலிலே எழுதிவிட்டுச் சாட்சியைப் பின்னர் தேடியது போன்ற அறிக்கை அது. அதன் விளைவு 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம். வீட்டிலே இருந்தபடி காசு பெறுவது ஒடுக்கப்பட்டது. உதவி வேண்டுமா? 'வொர்க்ஹவுஸ்' எனும் ஏழையர் இல்லத்துக்குள் நுழை! கணவன் ஒருபுறம், மனைவி மறுபுறம், பிள்ளைகள் வேறோர் புறம். வெளியே உள்ள மிகத் தாழ்ந்த கூலிக்காரனின் வாழ்வைவிடவும் உள்ளே இருப்பவன் வாழ்வு கொடியதாக இருக்கவேண்டும் - இது அச்சட்டத்தின் கொள்கை!

1845இல் ஆண்டோவர் எனும் ஊரின் ஏழையர் இல்லத்திலே நடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. உரத்துக்காக எலும்பு உடைக்கும் வேலை அங்கே. உடைத்தவர்கள், பசி தாளாமல், அழுகிய எலும்பிலே ஒட்டியிருந்த மச்சையைக் கடித்துத் தின்றனர்! நாடாளுமன்றமே விசாரணை நடத்தியது. ஆயினும் ஏழையர் இல்லம் அடுத்த நூற்றாண்டிலும் நின்றது.

அந்த அறிக்கை உண்மையா? 1963இல் மார்க் பிளாக் எனும் பொருளாதார அறிஞர் பழைய கணக்குகளை மறுபடி ஆராய்ந்தார். உதவி கொடுத்ததாலே கூலி குறையவில்லை. கூலி குறைவாக இருந்த இடங்களிலே உதவி தேவைப்பட்டது என்று அவர் எடுத்துக் காட்டினார். நோயாளி இருக்கும் வீட்டிலே மருந்துப் புட்டியைக் கண்டு, மருந்துதான் நோய்க்குக் காரணம் என்று கூறியது போலத்தான்! இந்தத் தவறு வெளிப்பட 129 ஆண்டுகள். அதற்குள் எத்தனை குடும்பங்கள் சிதைந்தன!

இனி இரண்டாவது ஏடு. மெக்சிகோ. 1994 இறுதியிலே பெசோ நாணயம் சரிந்தது; 1995இல் நாட்டின் உற்பத்தி நூற்றுக்கு ஆறு அளவுக்கு வீழ்ந்தது. சோளம் விளைவித்துச் சோளமே உண்ணும் மலைக்கிராமத்து மக்கள், பழங்குடியினர் பலர், தாங்கவொண்ணாத துயரிலே தள்ளப்பட்டனர். அரசு உணவுக்கு மானியம் வழங்காமலில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி நகரத்தோடு நின்றது. மலையேறிச் சென்றதோ மிகச் சிறிது!

நிதித்துறையிலே பொறுப்பு வகித்த சாண்டியாகோ லெவி எனும் பொருளாதார அறிஞர் வேறு வழி கூறினார்: பண்டத்தை விடுத்துக் காசை நேரே வீட்டுக்குக் கொடுப்போம். 1997இல், எர்னஸ்டோ செடில்லோ ஆட்சியிலே, 'புரோகிரேசா' எனும் திட்டம் பிறந்தது. இரு திங்களுக்கு ஒருமுறை பணம். அதைப் பெறுபவர் தாய்! பிள்ளை பள்ளி நாட்களில் நூற்றுக்கு 85 நாள் வந்திருக்க வேண்டும். குடும்பத்தார் மருத்துவ நிலையத்துக்குச் சென்று உடலைக் காட்டவேண்டும். 1999இன் பிற்பகுதியிலே திங்களுக்கு உணவுக்கென 125 பெசோ; மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 80; இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டிலே மகனுக்கு 265, மகளுக்கு 305. மகளுக்கு ஏன் மிகுதி? பள்ளியை விட்டு முதலிலே நிறுத்தப்படுபவள் அவள் அல்லவா! பெண்ணின் படிப்புக்கு நாட்டின் கருவூலமே கூடுதல் விலை வைத்தது.

எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் கொடுக்க நிதியில்லை. அந்தத் தட்டுப்பாட்டையே ஆராய்ச்சிக்கு வாய்ப்பாக்கினர். ஏழு மாநிலங்களிலே 506 சிற்றூர்களைத் தேர்ந்து, குலுக்கல் முறையிலே 320 ஊர்களுக்கு 1998இலே உதவி. எஞ்சிய 186 ஊர்களுக்கு 1999 இறுதி வரை காத்திருப்பு. இருவகை ஊர்களையும் ஒப்பிட்டனர். 1834இலே செய்யாததை இங்கே செய்தனர்!

கண்டது என்ன? குடும்பத்தார் உட்கொண்ட உணவு கூடிற்று. சோள ரொட்டியோடு காய்கறி, பழம், இறைச்சி தட்டிலே தோன்றின. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நோய் நூற்றுக்கு 12 அளவு குறைந்தது. குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தனர். ஒரு சென்டிமீட்டர் தானா என்று ஏளனம் வேண்டாம். பரம்பரை பரம்பரையாகப் பசி குறுக்கிய உடல் நிமிர்ந்ததன் அளவு அது! இடைநிலைப் பள்ளியிலே சேர்ந்த பெண்கள் நூற்றுக்கு ஏழு முதல் ஒன்பது பேர் வரை கூடினர். பிள்ளைகளின் கூலி வேலை குறைந்தது.

பெரியவர்கள்? காசு வந்ததும் கலப்பையைக் கீழே போட்டனரா? இல்லை! உழைப்பு குறைந்ததற்கு ஆராய்ந்தவர்கள் சான்று காணவில்லை. வந்த காசிலே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஆடு, மாடு, கோழி வாங்கவும், பயிர் செய்யவும், சிறு தொழில் நடத்தவும் முதலாக்கினர். கடன்காரன் வாசலிலே நிற்கிறான் என்பதற்காக விளைந்ததை அடிமாட்டு விலைக்கு விற்கும் குடும்பத்துக்கு, அடுத்த தவணை நிச்சயம் வரும் எனும் உறுதியே ஒரு முதலல்லவா!

2000இல், 71 ஆண்டுகள் ஆண்ட கட்சி தேர்தலிலே வீழ்ந்தது. சென்ற ஆட்சியின் திட்டங்களைக் குழிதோண்டிப் புதைப்பது அந்நாட்டு வழக்கம். ஆயினும் இத்திட்டம் பிழைத்தது. கணக்கு கையிலே இருந்ததால் பிழைத்தது. 2002இல் 'ஒப்போர்ச்சுனிதாதெஸ்', 2014இல் 'ப்ரோஸ்பெரா' என்று பெயர் மாறி, நகர ஏழைகளுக்கும் பரவியது.

குறையே இல்லையா? உண்டு, மறைத்தல் நமக்கு அழகன்று. பள்ளியும் மருத்துவ நிலையமும் எட்டாத ஊர்கள் தொடக்கத்திலே ஒதுக்கப்பட்டன. அதாவது, மிகுந்த ஏழ்மைக்கு உதவி இல்லை! நிபந்தனைகளை நிறைவேற்றும் சுமை தாயின் தோளிலேயே விழுந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். ஆனால் தேர்வு வைத்துப் பார்த்தபோது அறிவுத் தேர்ச்சி உயர்ந்ததாகத் தெரியவில்லை. காசு பிள்ளையைப் பள்ளி வாசல் வரை அழைத்து வரும்; உள்ளே கற்பிக்க நல்லாசிரியர் வேண்டும். நிலமும், கூலியும், நீதியும் தரவேண்டியதைக் காசு மட்டுமே தந்துவிடாது. 2019இல், இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அத்திட்டம், ஆட்சி மாற்றத்தை அடுத்து நிறுத்தவும்பட்டது. சான்று இருப்பினும், காக்க மக்கள் இல்லையேல் எந்தத் திட்டமும் நிலைக்காது என்பதும் இந்த ஏடு கூறும் பாடம்.

எனினும், அந்தப் பழைய உபதேசம் சோதனைச் சாலையிலே தோற்றது. ஏழைக்குச் செலவு செய்யத் தெரியாது என்றனர்; பட்டினியோடு கணக்குப் போட்டுப் பழகியவள் அந்தத் தாய். எந்தப் பிள்ளைக்கு எத்தனை கவளம் என்று இரவுதோறும் பங்கிட்டவளுக்கு, நூறு பெசோவைப் பங்கிடவா தெரியாது?

தோழர்களே! இனி எவரேனும் "காசு கொடுத்தால் கெடுவான்" என்று கூறினால், கோபம் வேண்டாம், ஒரே ஒரு கேள்வி போதும்: "எந்த ஊரிலே எண்ணிப் பார்த்தீர், ஐயா?" ஆண்டோவரின் எலும்புகளை நினைவிலே நிறுத்தி, அந்தக் கேள்வியை அஞ்சாமல் கேளுங்கள்.