நான் தாண்டிப் போன பாடம்



முப்பத்தைந்து வருடம் வாத்தியார் வேலை பார்த்தேன். கழிவு நீக்க மண்டலம் பாடம் வந்தால் சிறுநீரகம், சிறுநீர்ப்பை வரை கரும்பலகையில் பொறுமையாகப் படம் வரைவேன். அதற்குக் கீழே உள்ள சிறுநீர்ப் புறவழி என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குழாய்தான் என்னைப் படுத்தியது.

வேறொரு ஆபரேஷனுக்காகப் போட்ட டியூப் உள்ளே உரசிப் புண்ணாகி, அது ஆறித் தழும்பாகியிருக்கிறது. தழும்பு சுருங்கச் சுருங்க வழியும் குறுகியது. தாரை நூல் மாதிரி ஆனது. முக்கினால்தான் போகும், போய் வந்த பிறகும் சொட்டும். பழனிக்கு பஸ் ஏறவே பயம். சிங்காநல்லூர் குளத்தோரம் கூட நடப்பவர்கள், "வயசானா அப்படித்தானுங்க" என்றார்கள். நானும் புராஸ்டேட் என்று நினைத்து, வெட்கத்தில் இரண்டு வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில்தான் உண்மை தெரிந்தது.

சரித்திரம் படிக்கிற பழக்கத்தில் இந்த நோயின் கதையையும் தேடினேன்.

சுசுருத சம்ஹிதையில் ஆண்குறியின் நுனி அடைபட்டால் செய்யும் வைத்தியம் இருக்கிறது. இரும்பு, மரம் அல்லது அரக்கில் செய்த, இருபுறமும் திறந்த குழாயில் நெய் தடவி உள்ளே விட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை இன்னும் பருமனான குழாய். உலகம் முழுக்கப் பல நூற்றாண்டுகள் புறவழிச் சுருக்கத்துக்கும் இதே யோசனைதான், கம்பி விட்டு விரிப்பது. அந்தக் காலத்தில் வெட்டை நோய் பெரிய காரணம். 1940-களில் பெனிசிலின் வந்து அதை அடக்கியது. இன்று அடிபடுவதும், டியூப் போடுவதும், சில தோல் நோய்களும் காரணமாகின்றன.

1970-களில் ஜெர்மனியின் சாக்சே, உள்ளே குழல் விட்டுக் கண்ணால் பார்த்தே தழும்பைக் கீறும் முறையைக் கொண்டுவந்தார். சுருக்கம் சின்னதாக இருந்தால் பலன் உண்டு. நீளமானால் மறுபடி அடைக்கும். தழும்பைக் கீறினால் அந்தக் கீறலும் தழும்பாகத்தானே ஆறும்!

அப்படியானால் புதுச் சுவருக்கு எங்கே போவது? வாய்க்குள். கன்னத்தின் உட்தோல் எப்போதும் ஈரத்தில் இருந்து பழகியது, முடி முளைக்காது, எடுத்த இடமும் சீக்கிரம் ஆறிவிடும். உக்ரைன் பகுதியைச் சேர்ந்த சபேஷ்கோ 1890-களிலேயே வாயின் உட்தோலை வைத்துத் தைத்திருக்கிறார். உலகம் அதை மறந்துவிட்டது. நூறு வருடம் கழித்து, 1996-ல் இத்தாலியின் பார்பக்லி ஒட்டுத் தோலைக் குழாயின் மேற்புறத்தில் வைக்கும் முறையை எழுதினார்.

இனி வருவது நம் நாட்டுப் பெருமை. 2001-ல் ஆக்ராவின் டாக்டர் அசோபா, குழாயைச் சுற்றிலும் பிரித்தெடுக்காமல், கீழ்ப்பக்கம் திறந்து உள்வழியாகவே மேற்சுவரில் ஒட்டு வைக்கும் முறையை வெளியிட்டார். 2009-ல் புனேயின் டாக்டர் குல்கர்னி ஒரு பக்கம் மட்டும் பிரித்து, மறுபக்க ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் தொடாமல் விடும் முறையைக் கொடுத்தார். இவர்கள் பெயரிலேயே இந்த முறைகளை வெளிநாட்டு மருத்துவர்களும் அழைக்கிறார்கள்.

எனக்கும் கன்னத் தோல் வைத்துத்தான் தைத்தார்கள். நாலு நாள் காரம் சாப்பிட முடியவில்லை, சில வாரம் டியூப்போடு இருந்தேன். போன மாதம் பழனிக்கு பஸ்ஸில்தான் போய் வந்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தாரை மெலிந்தால் மூப்பு என்று முடிவு கட்டாதீர்கள், சிறுநீரக சர்ஜனைப் பாருங்கள். அடக்கி வைத்தால் கிருமி சேரும், சிறுநீரகமே கெடலாம். அடிக்கடி கம்பி விட்டு விரித்தும் திரும்பத் திரும்ப அடைத்தால், ஒட்டு வைக்கலாமா என்று வாய் திறந்து கேளுங்கள். புகையிலை, பாக்கு மெல்பவர்கள் இன்றே விடுங்கள். கெட்டுப்போன கன்னத்தில் ஒட்டுக்குத் தோல் கிடைப்பது கஷ்டம்.

என்னிடம் படித்த பிள்ளைகளே, அன்று நான் தாண்டிப் போன பாடம் இதுதான். தாமதத்துக்கு மன்னியுங்கள்.