கீழணையில் நின்ற உல்லம்

சோழ நாட்டு வரலாறு எழுதுவோர் மன்னரைப் பற்றி எழுதுவர். கோயிலைப் பற்றி எழுதுவர். ஏரி, கால்வாய், மதகு ஆகியவற்றையும் மறவாது எழுதுவர். ஆற்றில் வாழ்ந்த மீனுக்கு வரலாறு எழுதுவோர் அரியர். ஆயினும் ஜெயங்கொண்டம் வட்டாரத்தின் தென்கிழக்கு எல்லையில், கொள்ளிடத்தின் குறுக்கே கிடக்கும் கீழணையின் கதை, ஒரு மீனின் கதையைச் சேர்த்துச் சொல்லாவிடில் பாதிக் கதையாகவே நின்றுவிடும். அம்மீனின் பெயர் உல்லம். பேச்சு வழக்கில் அதனை உள்ளம் என்றே சொல்வாரும் உளர். வங்காளத்தார் இலிசு என்றும், கோதாவரிக் கரையினர் புலச என்றும், சிந்து நதிக்கரையினர் பல்லா என்றும் போற்றும் மீனும் இதுவே.

ஏறு மீன்

உல்லம் கடலில் வளர்ந்து ஆற்றில் பிறக்கும் இனம். தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் பொழிந்து, காவிரியும் கொள்ளிடமும் செந்நீர் பெருகி ஓடும் காலத்தில், முதிர்ந்த மீன்கள் கூட்டங்கூட்டமாக முகத்துவாரத்தில் நுழைந்து நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும். நன்னீரில் முட்டையிடும். பெரிய தாய்மீன் ஒன்று பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமக்கும். முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு நாள் போதும். குஞ்சுகள் சில மாதங்கள் ஆற்றில் வளர்ந்து, பின் கடலுக்கு இறங்கும். புதுவெள்ளத்தில் மீன் ஏறுவதைக் கண்டு தூரியும் ஊத்தாவும் எடுத்து ஓடும் நம் சிற்றூர் மக்களுக்கு, ஏறு மீன் என்பது புதிய செய்தியன்று. ஆனால் அவர்கள் வாய்க்காலில் காணும் கெளுத்தியும் கெண்டையும் ஏரிக்கும் ஓடைக்கும் இடையே நடப்பவை. உல்லமோ வங்கக் கடலுக்கும் உள்நாட்டிற்கும் இடையே நடந்தது.

மேலைநாட்டார் சால்மன் மீனின் எதிர்நீச்சலைக் காவியமாக்கியுள்ளனர். நம் மீன்சந்தைகளில் இந்திய சால்மன் எனப்படும் காலா மீனுக்கும் உண்மைச் சால்மனுக்கும் உறவில்லை. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீன் மட்டும் வெள்ளையரால் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வளர்க்கப்பட்டது. ஆகவே குலத்தால் நோக்கின் தமிழகத்துச் சமவெளியில் சால்மன் இல்லை. ஒழுக்கத்தால் நோக்கின், கொள்ளிடத்து உல்லமே நமது சால்மன் எனலாம். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை இரண்டு. பசிபிக் சால்மன் முட்டையிட்டபின் மடியும். உல்லம் பிழைத்து மீண்டும் கடல் சேர வல்லது. சால்மன் தடையைத் தாவும், உல்லம் தாவுவதில்லை. பின்னைய வேற்றுமையே இக்கதையின் திருப்பமாக அமைந்தது.

மதில் அணையான கதை

கங்கைவரை படை செலுத்தி மீண்ட இராசேந்திர சோழன், கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பியதோடு சோழகங்கம் என்னும் பேரேரியையும் வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அவ்வேரியை நீராலாகிய வெற்றித்தூண் என்று பொருள்படக் கூறுகின்றது. கல்லால் தூண் நாட்டும் மன்னர் பலர். நீரால் தூண் நாட்டிய மன்னன் இவன். பொன்னேரி என இன்று வழங்கும் அவ்வேரியின் கரை பதினாறு மைல் நீளமுடையது என்றும், கொள்ளிடத்திலிருந்து நெடுங்கால்வாய் ஒன்று அதற்கு நீர் கொணர்ந்தது என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்கள் குறிக்கின்றன.

அவ்வேரி தூர்ந்து காடாகிக் கிடந்த காலத்தில், 1836-ஆம் ஆண்டு, கும்பினிப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே இரு அணைகளை அமைத்தார். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் எழுந்தது மேலணை. வெள்ளநீர் முழுவதும் கொள்ளிடத்தில் பாய்ந்து காவிரி மெலிந்து போவதைத் தடுப்பது அதன் நோக்கம். அதற்கு ஏறத்தாழ எழுபது மைல் கீழே, அணைக்கரையில் எழுந்தது கீழணை. மேலணைக்குக் கீழே ஆற்றில் சேரும் நீரைத் திரட்டி, வடவாற்றின் வழியே வீராணத்திற்கும், வடக்கு இராசன், தெற்கு இராசன் முதலிய கால்வாய்களின் வழியே இருகரை வயல்களுக்கும் கொடுப்பது அதன் பணி.

இக்கீழணைக்கு வேண்டிய கருங்கல், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலைப் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டது. ஊரார் தடுத்தும் கேளாமல் கல் பெயர்க்கப்பட்டதாகவும், இடித்த மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்டதாகவும் பழைய மாவட்டக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. கோயில் ஆய்வாளர் இச்செய்தியை வருத்தத்துடன் எழுதுவர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் அக்கற்கள் ஆற்றின் குறுக்கே அடுக்கப்பட்டபோது, மற்றொரு வழியும் அடைபட்டது என்பதை அவர்கள் எழுதியதில்லை. கங்கையிலும் கொள்ளிடத்திலும் ஒருங்கே ஏறிய மீன் உல்லம். கங்கை நீரைக் குடத்தில் கொணர்ந்தவன் எழுப்பிய மதிலின் கல்லே, கங்கையையும் கொள்ளிடத்தையும் தன் நீச்சலால் உறவாக்கிய மீனுக்குத் தடையாயிற்று.

கட்டியவரே எழுப்பிய வினா

அணை எழுந்தபின் மேலேற வந்த உல்லங்கள் அதன் அடியில் திரண்டு நின்றன. அங்கு வலை வீசுவோர்க்கு அது பெருவேட்டை, மீனினத்திற்கோ முட்டுச்சந்து. இத்தீங்கினை அரசின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஆர்தர் காட்டனே என்பது வியப்பிற்குரியது. பாசன அணைகளால் கடற்கரை மீன்வளம் கெடுகின்றது என்று 1867-ஆம் ஆண்டு அவர் இந்திய அமைச்சருக்கு எழுதினார். அதன் தொடர்ச்சியாக இவ்வாய்வினை மேற்கொண்டவர் சென்னை மருத்துவப் பணியிலிருந்த பிரான்சிசு டே. இவர் பின்னர் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக உயர்ந்து, 1873-இல் நன்னீர் மீன்கள் குறித்த அறிக்கையையும், 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் என்னும் பெருநூலையும் வெளியிட்டார். தன் கைப்பணியின் பயனைப் போற்றுவார் பலர். அதன் பழியையும் தாமே எடுத்துரைப்பார் சிலர். காட்டன் அச்சிலருள் ஒருவர்.

1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்திற்கெனத் தனி அலுவலகம் தோன்றியது. கூட்டுறவு இயக்கத்திற்கு வித்திட்ட பிரெடரிக் நிக்கல்சன் அதன் மதிப்புறு இயக்குநர். அவர் காலத்தில், 1909-ஆம் ஆண்டளவில், வில்சன் என்னும் மீன்வளர்ப்பு வல்லுநர் கீழணையில் உல்லத்தின் முட்டையை எடுத்துச் செயற்கை முறையில் கருவுறச் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். நீலகிரியில் டிரவுட் மீனுக்குப் பொரிப்பகம் கண்டவரும் அவரே. இந்தியாவில் உல்லத்தைச் செயற்கையாகப் பெருக்க நடந்த முதல் முயற்சி இவ்வணைக்கரையில் நடந்தது என்பதை இவ்வட்டாரத்தார் பெருமையுடன் நினைவிற்கொள்ளலாம். இப்பணியைத் தொடர்ந்த சுந்தரராசு, கொள்ளிடத்து உல்லத்தின் பழக்கங்களையும் அதன் செயற்கைப் பெருக்கத்தையும் பற்றி 1917-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார். பின்னாளில் அவர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானார்.

ஏணி இருந்தும் ஏறாத மீன்

கீழணையில் மீனுக்கென ஏணிவழியும் அமைத்துப் பார்க்கப்பட்டது. மீனேணி என்பது படிக்கட்டு வடிவில் அமைந்த சிறு நீர்த்தொட்டிகளின் வரிசை. மேல்தொட்டியின் நீர் கீழ்த்தொட்டியில் விழும். மீன் ஒவ்வொரு படியாகத் தாவியோ நீந்தியோ ஏறி, இடையே இளைப்பாறி, அணைக்கு மேலே சென்று சேரும். சால்மனுக்கு இது இயல்பாகப் பொருந்தும். உல்லத்திற்குப் பொருந்தவில்லை. அது கூச்சமுடைய மீன். குறுகிய வழியில் நுழையத் தயங்கும். விழும் நீரைத் தாவிக் கடக்காது. அகன்ற வெள்ளத்தில் கூட்டமாக நீந்தியே பழகியது. ஆகவே ஏணி இருந்தும் உல்லம் அடியிலேயே நின்றது.

சுந்தரராசின் கட்டுரை வெளிவந்த அதே 1917-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாலர்டு நீர்ப்பூட்டு முறையாகத் திறக்கப்பட்டது. கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் கப்பலைக் கடத்திவிடும் இரட்டைக் கதவு அமைப்பே நீர்ப்பூட்டு. பக்கிங்காம் கால்வாயில் இருந்த இத்தகைய பூட்டுகளின் நினைவாகவே சென்னையில் லாக் நகர் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. பாலர்டில் கப்பலுக்குப் பூட்டு அமைந்தது. சால்மனுக்கு ஏணி அமைந்தது. பழைய ஏணி போதாதென்று கண்டு, 1976-இல் அதனை 21 படிகளுடன் திருத்தி அமைத்தனர். நீருக்கடியில் கண்ணாடிச் சாளரங்கள் வைத்தனர். ஆண்டுதோறும் மீன் ஏறும் காலத்தில் சிறுவரும் முதியரும் அச்சாளரங்களின் முன் நின்று சால்மனைக் காண்கின்றனர். மீனைக் கண்ணால் கண்ட மக்கள் மீனுக்காக வாதாடுவர். கீழணையில் அத்தகைய சாளரம் இல்லை. அடியில் நின்ற மீனைக் கண்டவர் வலையர் மட்டுமே.

இருந்தும் 1934 வரை உல்லத்திற்கு ஒரு வழி எஞ்சியிருந்தது. அணை உயரத்தில் பெரியதன்று. பெருவெள்ளம் அணையை மூழ்கடித்து மேலும் கீழும் ஒரே நீர்ப்பரப்பாகும் நாள்களில் மீன் தாவாமலே கடந்துவிடும். அந்த ஆண்டில் மேட்டூர் அணை நிறைவுற்றது. குடகிலிருந்து வந்த வெள்ளம் நீர்த்தேக்கத்தில் அடங்கியது. ஆற்றின் பருவம் அளவுகோலுக்கு உட்பட்டது. 1942-இல் தேவனேசன் என்னும் அறிஞர், தாமிரபரணி, காவிரி, கொள்ளிடம், கிருட்டிணை, கோதாவரி ஆகிய ஆறுகளின் அணைகள் உல்லத்தின் வாழ்வை எவ்வாறு பாதித்தன என்று ஆராய்ந்து எழுதினார். அதன்பின் வந்த பல பத்தாண்டுகளில் கொள்ளிடத்து உல்லம் அருகிச் சென்று, அணைக்கரையின் பருவக் காட்சியாக இருந்த நிலையை இழந்தது.

கொடுத்ததும் கொண்டதும்

இதனைக் கொண்டு அணையை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. கீழணை இல்லையேல் வீராணத்தின் ஆயக்கட்டு இல்லை. கொள்ளிடத்தின் இருகரைப் பசுமையும் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து ஏரியான வீராணம் 2004 முதல் சென்னை மக்களுக்குக் குடிநீரும் தருகின்றது. உழவர் உண்ட சோற்றிற்கு அணையும் ஒரு காரணம். ஆனால் வரவை எழுதிய கணக்கில் செலவையும் எழுதுவதே வரலாற்றின் கடமை. நெல் வரவு வைக்கப்பட்டது. மீன் செலவு எழுதப்படவில்லை.

அடைபட்ட வழியிலும் உயிர் வழி தேடுகின்றது. கடலுக்கு இறங்கி இனம் பெருக்கும் விலாங்கின் குஞ்சுகள் ஈரக் கல்லைப் பற்றிச் சுவரேற வல்லவை. கொள்ளிடத்து ஆற்றிறாலின் குஞ்சுகளும் அவ்வாறே அணையின் அடியில் திரண்டு, கசியும் நீரின் ஓரமாக ஊர்ந்து மேலேறும். ஊர்ந்தவை பிழைத்தன, நீந்தவே தெரிந்தது நின்றுவிட்டது.

கங்கையிலும் இதே கதை நடந்தது. முன்பு அலகாபாத்தையும் கடந்து ஏறிய உல்லம், 1975-இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அணைக்குக் கீழே நின்றது. அண்மைக் காலத்தில் பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அணைக்கு மேலே உல்லங்களை விட்டு அவற்றின் போக்கை ஆராய்கின்றனர். ஃபராக்காவின் புதிய நீர்ப்பூட்டு வழியாக, மீன் ஏறும் பருவத்தில் இரவின் சில மணி நேரம் கதவைத் திறந்துவைக்கும் திட்டம் 2019-இல் அறிவிக்கப்பட்டது. ஏணி ஏறாத மீனுக்கு வாயில் திறக்கலாம் என்பதே அதன் கருத்து. கப்பலுக்கெனக் கண்ட பூட்டு, மீனுக்கும் கதவாகின்றது.

கீழணைக்கும் இப்பாடம் பொருந்தும். மிகுநீர் வரும் ஆண்டுகளில் கதவுகளின் வழியே பல்லாயிரம் கன அடி நீர் கடலுக்குச் செல்லவே செய்கின்றது. எந்தக் கதவை, எந்நாளில், எவ்வளவு உயர்த்தினால் மீன் நீந்திக் கடக்கும் என்பதை நீர்வளத்தாரும் மீன்வளத்தாரும் ஒருங்கிருந்து ஆராய்வது கூடாத செயலன்று. 1909-இல் கீழணையில் தொடங்கிய ஆய்வின் எஞ்சிய பகுதி அது.

கவிஞர்க்கும் இதில் பங்கு உண்டு. கயலும் கெண்டையும் கண்ணுக்கு உவமையாகி நம் இலக்கியத்தில் நிலைபெற்றன. வாளையும் வராலும் வயல்வளம் பாடும் வரிகளில் துள்ளுகின்றன. கடலினின்று புறப்பட்டு வெள்ளத்தை எதிர்த்து உள்நாடு தேடிவந்த உல்லம், அவற்றிற்கு இணையான இடத்தை நம் பாட்டில் பெறவில்லை. பெயரிலேயே மீனைத் தாங்கிய மீன்சுருட்டியைக் கடந்து அணைக்கரைப் பாலத்தில் செல்லும் பேருந்துகள் ஒவ்வொரு நாளும் அதன் பழைய வழிக்கு மேலேதான் செல்கின்றன. பாலத்தின் அடியில், அணையின் கீழ்ப்புறத்தில், ஆடி மாதத்துச் செந்நீர் நுரைத்துச் சுழலும் இடமே உல்லம் வந்து நின்ற இடம்.